தொப்புளைச் சுற்றித் தொடங்கிய கடி

தோல் பிரிவுக்கு இந்த வருடம் வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. சரியாகக் கண்டுபிடித்துக் குணமாக்கி அனுப்பிய ஆட்கள் கனபேர் இருந்திருப்பார்கள். அவர்களில் பாதிப்பேரின் முகம்கூட இப்போது நினைவில் இல்லை. ஆனால் நான் பிழைவிட்ட ஆட்களில் ஒருவரையும் மறக்கவில்லை. அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவளிடம் நான் இரண்டு தடவை பிழைவிட்டேன். இரண்டு தடவையும் தப்பினோம். அதனால்தான் இதை இப்போது மனப்பாரம் இல்லாமல் எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரிகளின் பெயரை எழுதவில்லை. அவளுடைய பெயரையும் மாற்றி நஸீரா என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் நான் கிழமைக்கு ஒருநாள் வெளியூர்ச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தோல் கிளினிக் நடத்தப் போவேன். ஒரே அறை. ஒரு மேசை, எனக்கொரு கதிரை, நோயாளிக்கொரு கதிரை, சுவரோரம் ஒரு வாங்கு. அடுத்து வரவேண்டிய ஐந்தாறு பேர் அந்த வாங்கிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மறைப்புத் தட்டி ஒன்று இருந்தது. அதைத் தடுப்பூசி அறைக்காரர்கள் கொண்டுபோயிருந்தார்கள். திருப்பித் தரச்சொல்லி நான் கேட்கவும் இல்லை.

நஸீரா ஓட்டமாவடியிலிருந்து தன் ராத்தாவோடு வந்திருந்தாள். ராத்தா என்றால் அக்கா. நஸீராவுக்கு முப்பது வயது இருக்கும், எட்டாம் மாதப் பிள்ளைத்தாச்சி. கணவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். மூத்த மகளுக்கு ஐந்து வயது. கறுப்பு அபாயாவின் கையை முழங்கை வரைக்கும் மடித்து இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டில் சிவந்த தடிப்புகள், மேலே அரிப்புத் தாங்காமல் சொறிந்த நகக்கீறல்.

"கடி தாங்க ஏலாம இரிக்கு டொக்டர். ராவைக்கு நித்திரை இல்ல."

"எத்தின நாளா?"

"மூணு கிழமை."

"கையில மட்டுமா?"

அவள் வாங்கில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வயித்திலயும் கிடக்கு."

எனக்கு அது நன்றாகக் கேட்டது. வாங்கில் இருந்தவர்களில் மூன்று பேர் ஆண்கள். தட்டி இல்லை. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வேறு அறையில் நின்றாள். இந்தப் பெண்ணை எங்கே படுக்க வைத்துப் பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது, இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்களே என்று யோசித்தேன். கையைப் பார்த்தது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கர்ப்பகாலத்தில் கடி வருவது வழமைதான். பூசுவதற்கொரு மருந்தும் இரவில் குடிக்க ஒரு குளிசையும் எழுதிக் கொடுத்தேன்.

"பயப்பிடாதீங்க. பிள்ளை பிறந்தாப் போயிரும்" என்றேன்.

நான் ஒரு வேலையைத் தவிர்ப்பதற்கு வெட்கத்தைச் சாட்டாக்கிக்கொண்டேன். அந்த வெட்கம் அவளுடையதுமல்ல. அவள் சொல்லித்தான் இருந்தாள். கூச்சப்பட்டது நான்.

எட்டு நாள் கழித்து என் கைத்தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. நஸீராவின் பகுதிக்குப் பொறுப்பான மிட்வைப் மிஸ்ஸி. வீடுவீடாகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிறவர். நான் அவரை ஒன்றிரண்டு கூட்டங்களில் கண்டிருக்கிறேன், பேசிப் பழக்கமில்லை.

"சேர், உங்கட கிளினிக்குக்குப் போன கிழமை வந்த என்ட பிள்ளைத்தாச்சி ஒராள, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு இப்ப உங்கட ஆஸ்பத்திரியில நிப்பாட்டியிருக்கிறாங்க. கொப்புளிப்பான் எண்டு தனி அறையில போட்டிருக்காம். எனக்கு அது கொப்புளிப்பான் மாதிரித் தெரியல்ல."

கொப்புளிப்பான் என்றால் சின்னம்மை. "ஏன் அப்பிடிச் சொல்றீங்க?" என்றேன்.

"நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தனான். தொப்புளச் சுத்தித்தான் முதல்ல தொடங்கினது. கொப்புளிப்பான் அப்பிடியா தொடங்கும்?" பிறகு கேட்டார். "சேர் அண்டைக்குத் தொப்புளப் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"இல்ல மிஸ்ஸி. பார்க்கல்ல."

"அப்ப ஒருக்காப் போய்ப் பாருங்க சேர்" என்றார். குரலில் கோபம் இல்லை. குற்றம் சொல்லுகிற தொனியும் இல்லை. வேலை மிச்சம் இருக்கிறது, செய்துவிடுங்கள் என்பது போலத்தான் இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரிப் பிரசவ வாட்டின் கடைசியில் இருந்த சின்ன அறைக்குப் போனேன். கதவில் உள்ளே வரவேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தது. நஸீரா கட்டிலில் இல்லை, யன்னலோரம் நின்றாள். படுத்தால் துணி படுகிற இடமெல்லாம் கடிக்கிறதாம். இரண்டு கைகளையும் தலையணை உறைகளுக்குள் விட்டு மணிக்கட்டில் கட்டியிருந்தாள். சொறியாமல் இருப்பதற்காக ராத்தா கட்டிவிட்டது. ராத்தா முகமூடியோடு வாசலில் நின்றாள்.

வாட்டு மிஸ்ஸியை உள்ளே கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னேன். பிறகு நஸீராவிடம் சொன்னேன். "அண்டைக்கு வயித்தில கிடக்கு எண்டு சொன்னீங்க. நான் பார்க்காம விட்டது பிழை. இண்டைக்குப் பார்க்கட்டா?"

அவள் தலையை ஆட்டினாள்.

தொப்புளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து தடித்திருந்தது. அந்தச் சிவப்பின் ஓரத்தில் மாலை கோத்தது போலக் கொப்புளங்கள். தொடைகளிலும் முன்னங்கைகளிலும் அப்படித்தான். ஒன்றை விரலால் மெல்ல அழுத்தினேன். உடையவில்லை, இறுகிப்போய் இருந்தது. உள்ளே தெளிந்த நீர். முகத்தில் ஒன்றுகூட இல்லை, தலைமயிருக்குள்ளும் இல்லை. காய்ச்சல் இருக்கவில்லை. கொப்புளிப்பான் என்றால் முகமும் தலையும் தப்பாது, கொப்புளமும் மெல்லிய தோலோடு தொட்டால் உடையும்.

"முதல் பிள்ளை வயித்தில இருக்கக்க இப்பிடி இருந்திச்சா?"

"இல்ல."

ராத்தா வாசலிலிருந்து குறுக்கிட்டாள். "பிறந்த பொறகு இருந்திச்சி டொக்டர். மூணாம் நாளோ நாலாம் நாளோ வயித்தச் சுத்திக் கடிச்சி, தேங்காயெண்ணெ பூசினம். ரெண்டு கிழமையில போயிற்று."

"சின்ன வயசில இவக்குக் கொப்புளிப்பான் வந்ததா?"

"ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான் வந்த. உம்மா ஒரு பாயிலதான் எங்களப் போட்டு வெச்சிருந்தா."

இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு நாளைக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

நான் சந்தேகித்தது கர்ப்பகாலப் பெம்பிகொயிட் என்ற நோயை. நம் உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள்மாறி நம்முடைய தோலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய்களில் இது ஒன்று. தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு பிடித்து வைத்திருக்கிற பிணைப்பை அது அறுத்துவிடும். பிரிந்த இடத்தில் நீர் கோக்கும். அடியிலிருந்து முழுத்தோலும் எழும்புவதால்தான் கொப்புளம் அவ்வளவு இறுக்கம். கிருமி இல்லை, தொற்று இல்லை. அபூர்வமான நோய். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் நேரில் கண்டது ஒரே ஒரு தடவை, அதுவும் படிக்கிற காலத்தில்.

இனித்தான் உண்மையான நெருக்கடி. இந்த நோய்க்குக் கொடுக்கிற மருந்து ஸ்டீரோயிட். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும். நான் நினைத்தது சரியென்றால் அவளுக்கு நிம்மதி கிடைக்கும். பிழையென்றால், அது கொப்புளிப்பானாகவே இருந்துவிட்டால், பிள்ளைத்தாச்சிக்கு அந்த மருந்தைக் கொடுப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நிச்சயப்படுத்துகிற பரிசோதனை எங்கள் மாவட்டத்தில் இல்லை. தோல்துண்டு வெளிமாவட்ட ஆய்வுகூடத்துக்குப் போய் முடிவு வர ஒரு கிழமைக்கு மேலாகும்.

பிரசவ வைத்தியர் என் வயதுக்காரி, நேராகப் பேசுகிறவ. "நூறு வீதம் சொல்லுவீங்களா?" என்று கேட்டா.

"இல்ல."

"அப்ப ஒரு கிழமை பொறுப்பமா?"

"அவ நாலு கிழமையா நித்திரை கொள்ளல்ல. இன்னும் ஒரு கிழமை விட்டா முழு உடம்பும் போட்டிரும். எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்க."

சிலவேளை நமக்குப் பெரிய பரிசோதனை கிடைக்காது. அப்போது கையில் இருக்கிற சின்னதைச் செய்து பார்க்க வேண்டும். புதிய கொப்புளம் ஒன்றைத் திறந்து அதன் அடியை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு நானே நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கொப்புளிப்பான் என்றால் பல கருக்கள் ஒட்டிய பெரிய உயிர்க்கலங்கள் தெரியும். நான் தகடு முழுவதும் தேடினேன். ஒன்றும் இல்லை. மாறாக, ஒவ்வாமை நோய்களில் கூடி வருகிற இயோசினோபில் கலங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஆய்வுகூடப் பெண்ணையும் பார்க்கச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள்.

இது முழு நிச்சயம் இல்லை. ஆனால் முகம், தொப்புள், முதல் பிள்ளையின் கதை, சிறுவயதில் வந்துபோன கொப்புளிப்பான், இந்தத் தகடு, எல்லாம் ஒரே திசையைக் காட்டின. பிரசவ வைத்தியரிடம் அதைச் சொன்னேன். "சரி. தொடங்குங்க. பிள்ளைய நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறன்" என்றா.

மருந்து தொடங்குவதற்கு முன் இரண்டு தோல்துண்டு எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு பெரிய பிழை நடக்கப் பார்த்தது. ஒன்று கொப்புளத்தின் விளிம்பிலிருந்து எடுப்பது, அது திசுவைப் பதப்படுத்துகிற வழமையான போமலின் போத்தலுக்குள் போகும். மற்றது பக்கத்துச் சிவந்த தோலிலிருந்து எடுப்பது. அதைப் போமலினுக்குள் போட்டால் நாம் தேடுகிற எதிர்ப்புப் பொருள் அழிந்துவிடும். என் கை பழக்கத்தில் இரண்டாவது துண்டையும் அதே போத்தலுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. வாட்டு மிஸ்ஸி, "சேர், இதுக்கு வேற போத்தல் எண்டு சொன்னீங்களே" என்றாள். அவளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லுகிறேன். வேலை தொடங்குமுன் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லி வையுங்கள். நாம் மறந்தாலும் அவர் நினைவில் வைத்திருப்பார்.

அன்று பின்னேரம் வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் அந்த ஆய்வுகூடம் இருந்த பக்கம் போனது. இரண்டு போத்தலும் அதில் போயின.

மூன்றாம் நாள் காலை வாட்டுக்குப் போனேன். நஸீரா கட்டிலில் படுத்திருந்தாள். ராத்தா உதட்டில் விரலை வைத்து என்னை வாசலிலேயே நிற்பாட்டினாள். "நித்திரை டொக்டர். நேத்து ராவு இசாத் தொழுகைக்குப் பொறகு படுத்தவ, இன்னும் எழும்பல்ல."

எனக்கு அவளைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. திரும்பி வந்து கன்ரீனில் பால் விடாத பிளேன்ரீ இரண்டு குடித்தேன்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. மேல்தோலும் கீழ்த்தோலும் சேருகிற எல்லையில், கோடு போட்டது போல ஒளிர்வு. அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தார்கள். கறுப்புப் பின்னணியில் மெல்லிய பச்சைக் கோடு. முதலில் அதை மிட்வைப் மிஸ்ஸிக்குத்தான் அனுப்பினேன். "இது என்ன சேர்?" என்று கேட்டார். "நீங்க சொன்னது சரி எண்டதுக்குச் சாட்சி" என்று பதில் போட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்கவே மாட்டேன். இரண்டாவது பிழை இதற்குப் பிறகுதான்.

கொப்புளங்கள் காய்ந்து, மருந்தைக் குறைத்து, அவளை வீட்டுக்கு அனுப்பினோம். அனுப்பும்போது கிளினிக் காட் என்கிற நோயாளி அட்டையில் நோயின் பெயரை எழுதினேன். நான் படித்த காலத்தில் இந்த நோய்க்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பழைய பெயரில் ஹேர்பீஸ் என்ற சொல் வரும். கொப்புளங்கள் கூட்டமாக இருப்பதால் பழைய ஆட்கள் அப்படி வைத்தார்களே தவிர, ஹேர்பீஸ் வைரசுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆட்கள் குழம்புகிறார்கள் என்றுதான் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். எனக்கும் அது தெரியும். இருந்தும் புதிய பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் பழையதையும் எழுதினேன். பழைய புத்தகம் படித்த யாராவது பார்த்தால் உதவும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியும் என்று காட்டுகிற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

முப்பத்தேழாம் கிழமையில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, நிறை கொஞ்சம் குறைவு. நான் அப்போது என் தங்கச்சியின் வீட்டுக் கலியாணத்துக்கு வெல்லாவெளிக்குப் போயிருந்தேன். தொலைபேசியில் சரியாகச் சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தபோது, என் அறை வாசலில் ராத்தா நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"டொக்டர், எங்களுக்கு உண்மையச் சொல்லுங்க. என்ட தங்கச்சிக்குக் கூடாத வருத்தமா?"

கூடாத வருத்தம் என்றால் மானம் போகிற நோய். "என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

பிள்ளை பிறந்தபோது அதன் வயிற்றிலும் தொடையிலும் நாலைந்து சிறிய கொப்புளங்கள் இருந்திருக்கின்றன. கடமையில் நின்ற இளம் பெண் வைத்தியர் தாயின் அட்டையைப் பார்த்திருக்கிறார். ஹேர்பீஸ் என்ற சொல் அவருடைய கண்ணில் பட்டிருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு அந்த வைரஸ் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அவர் உடனே பிள்ளையைத் தனியாக எடுத்து, வைரஸ் மருந்து ஏற்றத் தொடங்கி, தாயைக் கிட்ட வரவேண்டாம், பால் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரில் பிழையில்லை. அந்தச் சொல்லைக் கண்டும் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்தான் பிழை.

ராத்தா அந்தச் சொல்லைத் தொலைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறாள். அது உடலுறவாலும் தொற்றும் என்று அங்கே எழுதியிருந்ததைப் படித்திருக்கிறாள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வாட்டுக்கு வந்த இன்னொரு உறவுக்காரி அதே சொல்லைக் கேட்டுக்கொண்டு போய் நஸீராவின் மாமியிடம் சொல்லிவிட்டாள். கணவனின் தாய். அதற்குப் பிறகு மாமி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. கட்டாரிலிருந்து கணவன் அழைப்பெடுத்து, "இந்த வருத்தம் எப்பிடி உனக்கு வந்த?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நஸீரா தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டாள். இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. அவளுக்கும் உடம்பில் திரும்பக் கொப்புளம் போடத் தொடங்கியிருந்தது.

நான் எழுதிய ஒரு சொல் இவ்வளவையும் செய்திருந்தது. நேரே குழந்தைகள் பிரிவுக்குப் போனேன்.

அங்கே குழந்தை வைத்தியரும் அந்த இளம் வைத்தியரும் நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். அட்டையில் அந்தப் பெயரை எழுதியது நான்தான் என்பதை முதலில் சொன்னேன். தாயின் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் கொஞ்சம் போகும், சில பிள்ளைகளுக்கு இப்படிக் கொப்புளம் வரும், தாயின் அந்தப் பொருள் பிள்ளையின் இரத்தத்தில் குறையக் குறையத் தானாகவே ஆறும் என்று விளக்கினேன். பச்சைக்கோட்டுப் படத்தையும் காட்டினேன்.

குழந்தை வைத்தியர் நிதானமான மனிதர். "தாய்க்கு இது எண்டதை நான் ஏற்கிறன்" என்றார். "ஆனா பிள்ளைக்கு வேற ஒண்டும் இல்ல எண்டு உங்களால சொல்ல ஏலுமா? வைரஸ் சோதனைக்கு அனுப்பியிருக்கு. நாளைக்கு வரும். அதுவரைக்கும் மருந்த நிப்பாட்ட மாட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. மருந்தை உடனே கழற்றச் சொல்லி வாதாடலாம் போல இருந்தது. ஆனால் அது என் குற்றவுணர்வின் அவசரம். அவர் சொன்னது நியாயம். நான் பிழையை நிமிர்த்துகிற அவசரத்தில் அவரை இன்னொரு பிழைக்குள் தள்ளக்கூடாது.

"மருந்து போகட்டும்" என்றேன். "ஆனா பிள்ளையத் தாயிட்டக் குடுக்கலாமா? கொப்புளத்தச் சுரண்டி இப்பவே பார்க்கிறன்."

பார்த்தோம். அவரும் கூடவே வந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பெரிய கலங்கள் இல்லை. தாயின் தகட்டில் கண்ட அதே கலங்கள்தான். அவர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "கொண்டுபோய்க் குடுங்க" என்று இளம் வைத்தியரிடம் சொன்னார்.

அந்த இளம் வைத்தியத் தங்கச்சிதான் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தது. வழியில் என்னிடம், "சேர், நான் பிழை விட்டுட்டனா?" என்று கேட்டது. "இல்ல. நீங்க வாசிச்சது சரி. நான் எழுதினதுதான் பிழை" என்றேன்.

நஸீரா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்ததும் எழும்பி உட்கார்ந்தாள். தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்குங்க. பால் குடுங்க. இது தொத்துற வருத்தமில்ல. உங்களிட்ட இருந்து ஆருக்கும் தொத்தாது, உங்களுக்கும் ஆரிட்ட இருந்தும் வரல்ல. காட்டில அந்தப் பேர எழுதினது என்ட பிழை. என்ன மன்னிச்சிருங்க."

அவள் பிள்ளையைத் தூக்கினாள். நான் திரும்பி நின்றேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள்.

"இதை அவருக்கிட்டயும் சொல்லுவீங்களா?"

ராத்தா கட்டாருக்கு அழைப்பெடுத்துக் கொடுத்தாள். எதிர்ப்பக்கத்தில் லொறி எஞ்சின் சத்தம். நான் யாரென்று சொன்னதும் அவர் எங்கோ ஓரமாக நிற்பாட்டியிருக்க வேண்டும், சத்தம் நின்றது. எல்லாவற்றையும் அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். பெயர் எப்படிக் குழப்பியது என்பதையும் சொன்னேன். கடைசியில், "உங்கட மனைவியில ஒரு குறையும் இல்ல. நான் எழுதின சொல்லாலதான் இவ்வளவும் நடந்த" என்றேன்.

"டொக்டர், ஃபோன அவக்கிட்டக் குடுங்க" என்றார். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே நின்றபோது நஸீரா ஒருமுறை கணவனிடம், "நான் கோபிக்கல்ல மச்சான். பயந்துதான் போனன்" என்று சொன்னது மட்டும் கேட்டது.

அடுத்தநாள், செவ்வாய்க்கிழமை, பிள்ளைக்கு வைரஸ் இல்லை என்று சோதனை முடிவு வந்தது. மருந்தைக் கழற்றினார்கள். பிள்ளையின் கொப்புளங்கள் பத்து நாளில் அடையாளமே இல்லாமல் காய்ந்தன. தாய்க்கு ஆற மூன்று மாதம் போனது. மிட்வைப் மிஸ்ஸியிடம் இரண்டு விஷயம் சொல்லிவைத்தேன். அடுத்த கர்ப்பத்தில் இது இன்னும் முன்னதாகவே வரலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையாலும் திரும்ப எழும்பலாம். அவர் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். சோதனை முடிவோடு வாட்டுக்குப் போய், அவளுடைய அட்டையை வாங்கி அந்தப் பழைய சொல்லைக் கோடு போட்டு வெட்டிக் கையொப்பமிட்டேன். கீழே தமிழில், பெரிய எழுத்தில், "இது தொற்றுநோய் அல்ல. தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். எல்லோரும் தொடலாம், தூக்கலாம்" என்று எழுதினேன். ராத்தா அதைப் படமெடுத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. அங்கேயே நின்று குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டாள்.

அன்று பின்னேரம் நான் வாட்டைக் கடந்து போனபோது, வயதான ஒரு பெண் கையில் அடுக்குச் சட்டியோடு பார்வையாளர் நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தா. நஸீராவின் மாமி. காவலாளி விடமாட்டேன் என்கிறார், அவ போகமாட்டேன் என்கிறா. நான் காவலாளியிடம் விடச்சொன்னேன்.

உள்ளே போனதும் சட்டியை மேசையில் வைத்தா. மருமகளின் தலையில் கையை வைத்து ஒரு கணம் நின்றா. கைகழுவும் தொட்டியில் முழங்கை வரைக்கும் கழுவிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தா. பிறகு பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, சுற்றியிருந்த துணியை விலக்கி, வயிற்றில் கொப்புளம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குனிந்து முத்தமிட்டுக் கொஞ்சினா.

"சாப்பிடு புள்ள" என்றா நஸீராவிடம். "ஆறப்போகுது."